காவிரித் தண்ணீருக்கு நல்ல கரி போதாதா?

திருச்சியில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர்களிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இரண்டு தம்ளர்களில் ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பெட்டியின் உலோகக் கம்பிகளை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டால், சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிக் கசடு மிதக்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே அல்ல. மின்சாரம் பாய்ந்ததும் கரைந்த இரும்புக் கம்பியின் துரு அது. தாது உப்பு உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உப்பு நீக்கியது அவ்வளவாகக் கடத்தாது. இளநீரை வைத்துச் சோதித்தாலும் கசடு வரத்தான் செய்யும். இந்த வித்தையை நம்பிப் பல ஆயிரம் ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன், நம் குழாயில் வருவது என்ன தண்ணீர், அதிலிருந்து எதை நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. காவிரிக் குடிநீர் வரும் பெரும்பாலான திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளுக்கு ஆர்.ஓ. வேண்டியதில்லை, தரமான கார்பன் ஃபில்டரும் கிருமிக்கு ஒரு யூவி விளக்கும் போதும் என்பதே என் வாதம்.

மாநகராட்சிக் குடிநீரின் பெரும்பகுதி கம்பரசம்பேட்டை முதலான இடங்களில் காவிரி, கொள்ளிடம் படுகைகளில் அமைத்த சேகரிப்புக் கிணறுகளிலிருந்து வருகிறது. ஆற்று மணலே முதல் வடிகட்டி. அதன் பிறகு குளோரின் கலக்கிறார்கள். அரங்கனுக்கு ஐப்பசியில் காவிரியிலிருந்தும் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்தும் திருமஞ்சன நீர் கொண்டுபோகும் ஊர் இது. இரண்டு ஆற்றையும் நம்பித்தான் இன்றைக்கும் குடிக்கிறோம். இந்தப் படுகை நீரில் கரைந்த உப்பு பொதுவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஐ.எஸ்.10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கும் எல்லையும் அந்த 500தான். அதற்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிக்குத் தடை கொண்டுவர வேண்டும் என்று 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் காரணமில்லாமல் அல்ல. ஒரு லிட்டர் குடிநீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் கருவி அது. ராமநாதபுரம் வரை குழாய் போட்டு அனுப்பும் தண்ணீரை நாம் சிங்க்கில் ஊற்றிவிடுகிறோம்.

அப்படியானால் நீக்க வேண்டியது என்ன? குளோரின் வாடை, அது ஆற்றுநீரின் கரிமப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் துணைச் சேர்மங்கள், பூச்சிமருந்து எச்சம். காவிரியில் மருந்துப் பொருள்களின் எச்சம் கலந்திருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இவற்றில் எதையும் காட்டாது. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்து வைக்கக் கூடியது ஆக்டிவேட்டட் கார்பன். கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம். ஆர்.ஓ. கருவிக்குள்ளேயே, உப்பை நீக்கும் சவ்வுக்கு முன்னால் ஒரு கார்பன் இருக்கிறது. குளோரின் பட்டால் சவ்வு கெட்டுவிடும் என்பதால் வைத்தது. வாடையைப் போக்கிய புகழை மட்டும் சவ்வு வாங்கிக்கொள்கிறது!

கடையில் நாம் ஏமாறுவது இந்தக் கரியில்தான். வெள்ளைக் குழாய்க்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியது, தேங்காய்க் கரியா, அயோடின் எண் எவ்வளவு என்பது. கரியின் ஈர்ப்புத் திறனைச் சொல்லும் அந்த எண் கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் இருக்கட்டும். 1000 என்றால் நல்லது. எத்தனை லிட்டர் வரை தாங்கும் என்று அட்டையில் அச்சிடாத கேட்ரிட்ஜை வாங்க வேண்டாம். குருணையாக அடைத்ததைவிட, அழுத்தி வார்த்த கார்பன் பிளாக்கில் தண்ணீர் ஓரமாக வழிந்து தப்பிக்க வாய்ப்பு குறைவு. எதுவானாலும் தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும். அயோடின் எண்ணைக் கேட்டால் முழிக்கிற கடைக்காரர்தான் அதிகம் என்பது உண்மை. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

"சாக்கடை கலந்து வந்தால் கரி என்ன செய்யும்?" என்று கேட்பது நியாயம். ஒன்றும் செய்யாது. குளோரினை எடுத்துவிடுவதால் கரிக்குள்ளேயே கிருமி வளரவும் கூடும். அதனால்தான் கார்பனுக்குப் பின்னால் யூவி இருக்க வேண்டும், இல்லையென்றால் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மேட்டூர் அணை திறந்து புதுத்தண்ணீர் கலங்கி வரும் நாள்களில் யூவி ஒளியும் ஊடுருவாது. கலங்கலைப் பிடிக்க முன்னால் ஒரு ஸ்பன் ஃபில்டர் அவசியம். போர்வெல் வீடுகளின் கதை வேறு. உவர்ப்பு, கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட் எதற்கும் கார்பன் மருந்தல்ல. சோதனையில் இவை கூடுதல் என்று வந்தால் தாராளமாக ஆர்.ஓ. வைக்கலாம். உலோகக் கழிவுக்கும் சாதாரணக் கரியை நம்பக் கூடாது. ஆகவே, முதல் செலவு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டும் பரிசோதனைக் கட்டணமாக இருக்கட்டும்.

வாங்கிய பிறகு மறந்துவிடுவது அடுத்த கோளாறு. நிறைந்துபோன கரி வெறும் கரிதான். சுகாதாரப் பணியாளர்கள் தெருக்குழாயில் சோதிக்கும் ஆர்த்தோடொலிடின் சொட்டு மருந்து வீட்டிலும் உதவும். ஃபில்டரில் வடிந்த தண்ணீரிலும் மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் தப்பி வருகிறது, கேட்ரிட்ஜ் மாற்றும் நாள் வந்துவிட்டது என்று பொருள். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நிறம் வராவிட்டாலும் அட்டையில் சொன்ன அளவு முடிந்ததும் மாற்றுங்கள். குளோரினைப் பிடிப்பது நின்றுபோவதற்கு முன்பே மற்றவற்றைப் பிடிப்பது நின்றிருக்கும். மாநகராட்சி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் குளோரின் அளவையும் டிடிஎஸ் அளவையும் மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில் எழுதி வைக்கட்டும். விற்பனையாளரின் பெட்டிக்கு அதைவிடச் சரியான பதில் கிடையாது.