நாள் எண்ணத் தெரிந்த நாங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் மட்டுமல்ல, வாப்பாமாரும் கணவன்மாரும் வாசித்தால் நல்லது.

போன நோன்பில் எங்கள் குடும்பத்து மூத்தம்மா ஒருவர் தராவீஹுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். பெருநாள் முடிந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இருமினாலும் ஸுஜூதுக்குக் குனிந்தாலும் சிறுநீர் கசிகிறதாம். ஆறு வருசமாக. "பிள்ளை பெத்த பொம்பிளைக்கு இதெல்லாம் இருக்கும்தானே மகள்" என்றார்.

இந்த "இருக்கும்தானே"யைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

பாடசாலையில் தினமும் பார்க்கிறோம். மலசலகூடம் சரியில்லை என்று காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத பிள்ளைகள். மாதவிடாய் நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் படுத்திருக்கும் பிள்ளைகள். லேசான வலி வழமைதான். ஆனால் மாதாமாதம் பாடசாலைக்கே வர முடியாத வலி வழமை அல்ல, அதற்கு வைத்தியரிடம் போக வேண்டும். சிறுநீரை அடக்கி அடக்கி வைப்பதும் கிருமித்தொற்றுக்கு வழி.

ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. "பிறகு பிள்ளை கிடைக்காதாமே டீச்சர்" என்று கேட்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. "கலியாணமே முடிக்காத பிள்ளைக்கு எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். கிருமி உடம்புக்குள் வரும் முன்னர் போட்டால்தான் பலன் அதிகம், அதனால்தான் அந்த வயதில் போடுகிறார்கள்.

அடுத்தது பிள்ளைப்பேறு. நாற்பது நாளும் தாய்க்குப் பத்தியச் சோறு, காயம், குளிப்பு எல்லாம் கவனிக்கிறோம். இடுப்பின் அடியில் தொட்டில் போலக் கிடந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரசவத்தாலும் நாட்பட்ட இருமலாலும் மலச்சிக்கலாலும் பாரம் தூக்குவதாலும் அவை தளரும். சிறுநீர் கசிவும் கருப்பை இறக்கமும் அதனால்தான் வருகின்றன.

பயிற்சி எளிது. காற்றுப் போவதை அடக்குவது போல உள்ளே இறுக்கி, சில விநாடிகள் பிடித்து, விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமளவில் எடுக்கும். சரியாகச் செய்கிறோமா என்று மிட்வைஃபிடம் அல்லது கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம். கருப்பை இறங்கியவர்களுக்கும் வளையம் வைப்பது, சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

35 வயதில் ஒரு தடவை, 45 வயதில் ஒரு தடவை வெல் வுமன் கிளினிக்குக்கு வரச் சொல்லி மிட்வைஃப் அழைப்பார். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். "எனக்கு ஒண்டுமில்லையே" என்று தட்டிவிடுகிறோம். ஒன்றும் தெரியாத காலத்திலேயே கண்டுபிடிப்பதற்குத்தானே அந்தப் பரிசோதனை? பெண் வைத்தியர் வேண்டுமென்றால் முதலே கேட்டு வைக்கலாம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பின்னர் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது திரும்ப வந்த மாதவிடாய் அல்ல. தாமதிக்காமல் காட்ட வேண்டும். பெரும்பாலும் சிறிய காரணமாகத்தான் இருக்கும். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம்.

யோசித்துப் பார்த்தால் எங்களைப் போல நாள் எண்ணத் தெரிந்த பெண்கள் குறைவு. எப்போது தொழுகையை விட வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எத்தனை நோன்பு கழா என்று விரல் விட்டு எண்ணுகிறோம். பதினைந்து நாளைத் தாண்டினால் அது ஹைழ் அல்ல, இஸ்திஹாழா என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொழுகைக்காக எண்ணிய அதே கணக்கை வைத்தியரிடம் கொண்டுபோவதுதான் இல்லை. இரத்தம் எட்டு நாளைத் தாண்டினாலே, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டி வந்தாலே காட்டலாம். இரத்தச்சோகையோடு வீட்டு வேலையை இழுத்துக்கொண்டு திரிவது ஸப்ர் ஆகாது.

வெட்கம் என்கிறோம். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் இரத்தம் நிற்கவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியால்தான் இன்று எங்களுக்குச் சட்டம் தெரியும்.

மூத்தம்மாவைப் போன மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பயிற்சி தொடங்கியிருக்கிறார். கசிவு உள்ளவர் வுழூச் செய்து தொழுவதற்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதையும் மௌலவியிடம் கேட்டுச் சொன்னோம். "இத ஆறு வருசத்துக்கு முந்தி யாரும் சொல்லேல்லையே" என்று அழுதார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம். இன்றைக்கே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.