ஹவானாவில் எங்கே தங்குவது? மொட்டை மாடி நீச்சல் குளத்தில் மட்டும் வேண்டாம்!

டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகன் 2025 மார்ச்சில் கியூபா போய் வந்தார். போவதற்கு முன்னால் ஹவானாவில் உள்ள மூன்று ஹோட்டல்களின் சுட்டிகளை அனுப்பி, "எப்பப் பார்த்தாலும் கியூபா கியூபான்னு படிச்சுட்டே இருப்பியே, இதுல எது நல்லதுன்னு சொல்லு" என்று கேட்டார். மூன்றுமே வேண்டாம், யாராவது ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குங்கள் என்று ஒரு பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். "பார்க்கலாம்டா" என்றார். பார்த்தார். மொட்டை மாடியில் நீச்சல் குளம் இருந்த ஹோட்டலையே பிடித்தார்.

திரும்பி வந்ததும், "ஊர் எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மேலேர்ந்து பார்க்க ரொம்ப அழகுடா!"

அவர் அங்கே இருந்தபோதுதான், மார்ச் 14 இரவு, நாடு முழுவதும் மின்சாரம் போனது. ஹோட்டலில் ஜெனரேட்டர் ஓடியதாம். விளக்கு, ஏ.சி., குளிர்ந்த பானம் எதற்கும் குறைவில்லை. "சுத்தி ஒரே கும்மிருட்டு. நட்சத்திரமெல்லாம் எவ்வளவு தெளிவா தெரிஞ்சுது தெரியுமா!" என்றார். அண்ணன் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அந்தக் கும்மிருட்டுக்குள் ஒரு தலைநகரமே உட்கார்ந்திருந்தது, குளிர்பெட்டியில் இருந்த கறி கெடுமே என்று எத்தனையோ வீடுகளில் கவலைப்பட்டிருப்பார்கள் என்பதெல்லாம் அந்த உயரத்தில் அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. அவரை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்ட யோசனைகள் மேல்தான்.

"ஹவானாவில் எங்கே தங்கலாம்" என்று எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். பழைய நகரம் நடந்து போகும் தூரமா, கடல் தெரியுமா, காலை உணவில் எத்தனை வகை, குளம் உண்டா... இவ்வளவுதான் அளவுகோல். நீங்கள் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. வேறு ஊராக இருந்தால் இதை ஒரு சின்னக் குறை என்று விட்டுவிடலாம். ஹவானாவில் அதுதான் முதல் கேள்வி.

ஏன் என்று சொல்கிறேன்.

1519-இல் இப்போதுள்ள இடத்தில் உருவான ஊர் ஹவானா. அதன் பழைய பகுதியையும் கோட்டைகளையும் யுனெஸ்கோ 1982-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சோவியத் யூனியன் 1991-இல் உடைந்ததும் கியூபாவின் பொருளாதாரம் சரிந்தது. கட்டடங்களைக் காப்பாற்றப் பணம் இல்லை. அப்போது நகர வரலாற்றாளர் பொறுப்பில் இருந்த எவுசேபியோ லேயால் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரது அலுவலகத்தின் கீழ் 1994-இல் அபாகுவானெக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. பழைய மாளிகைகளைச் செப்பனிட்டு ஹோட்டலும் உணவகமும் நடத்துவது, வரும் லாபத்தில் அடுத்த கட்டடத்தைச் செப்பனிடுவது, அதே பேட்டையில் பள்ளிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செலவழிப்பது என்பது திட்டம். குறைகள் இருந்தன. ஆனாலும் சுற்றுலாப் பயணி கொடுத்த காசில் ஒரு பங்கு அதே தெருவுக்குத் திரும்பி வந்தது.

2016-இல் அந்த நிறுவனத்தை ராணுவத்தின் வணிகக் குழுமமான கயேசாவிடம் ஒப்படைத்தார்கள். லேயால் 2020-இல் காலமானார். ஹவானாவின் பெரிய ஆடம்பர ஹோட்டல்களில் பல, கயேசாவின் சுற்றுலாக் கிளையான கவியோட்டாவுக்குச் சொந்தமானவை. வாசலில் தொங்கும் வெளிநாட்டுப் பெயர் நிர்வாகம் செய்பவருடையது, அவ்வளவுதான். இந்தக் குழுமத்தின் கணக்கை யார் பார்க்கிறார்கள்? கியூபாவின் தலைமைக் கணக்காயரே 2024 மே மாதம், அது தன் அலுவலகத் தணிக்கைக்குள் வருவதில்லை என்று ஒரு ஸ்பானியச் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். சில வாரங்களில் அவர் பதவியில் இல்லை!

அந்தப் பணம் என்ன ஆனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வெடாடோ பகுதியில், புகழ்பெற்ற கொப்பெலியா ஐஸ்கிரீம் கடைக்கு அருகே, 42 மாடி ஹோட்டல் ஒன்று 2025-இல் திறக்கப்பட்டது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். யாருக்காக? 2018-இல் சுமார் 47 லட்சம் வெளிநாட்டவர் வந்த நாட்டுக்கு 2024-இல் வந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஏற்கெனவே இருந்த ஹோட்டல் அறைகளிலேயே பெரும்பாலானவை காலி. அந்த ஆண்டுகளில் ஹோட்டல் கட்டவும் அது சார்ந்த வேலைகளுக்கும் போன முதலீடு, விவசாயத்துக்கும் மருத்துவத்துக்கும் போனதைவிடப் பல மடங்கு. இது எதிரிகள் சொல்லும் கணக்கு அல்ல, கியூபாவின் சொந்தப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்டது.

மறுபக்கம், 2020 ஜனவரியில் பழைய ஹவானாவின் ஹெசுஸ் மரியா பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் பால்கனி இடிந்து விழுந்து மூன்று பள்ளிச் சிறுமிகள் இறந்தார்கள். ஹோட்டலுக்குச் சிமெண்ட் கிடைக்கிற ஊரில் பால்கனிக்குச் சிமெண்ட் கிடைக்கவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். பழைய நகரத்தின் விளிம்பில், மன்சானா தெ கோமெஸ் என்ற பழைய வணிகக் கட்டடத்தை ஐந்து நட்சத்திர ஹோட்டலாக மாற்றி 2017-இல் திறந்தார்கள். அந்த வேலைக்கு பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 2016-இல் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தது. அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் அதே வேலை செய்யும் கியூபர் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. வெளிநாட்டு நிறுவனம் கியூபரின் சம்பளத்தை அப்போது அரசு முகமைக்குத்தான் கட்ட வேண்டியிருந்தது. முகமை தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை பெசோவில் தொழிலாளிக்குக் கொடுத்தது. ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்த பெண்ணின் கணக்கும் அதுதான்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். சே படம் போட்ட பனியனோடு வகுப்புக்கு வருகிறவர்கள். "அமெரிக்கா 1962-லிருந்து கழுத்தை நெரிக்குது. அரசு ஹோட்டல்ல தங்குறதுதான் புரட்சிக்குச் செய்ற உதவி. நீ மியாமிக்காரன் மாதிரி பேசுற" என்பார்கள். தோழர்களே, தடை கொடுமையானது, நாட்டின் பஞ்சத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற கொஞ்சப் பணத்தை மருத்துவமனைக்குக் கொடுப்பதா 42 மாடிக்குக் கொடுப்பதா என்பதை வாஷிங்டன் முடிவு செய்யவில்லை. லேயால் நடத்தியதும் அரசு ஹோட்டல்தானே? அதில் தங்கச் சொன்னால் நானும் தலையாட்டியிருப்பேன். அரசா தனியாரா என்பதல்ல என் வழக்கு. காசு தெருவில் தங்குகிறதா, தெருவைத் தாண்டிப் போகிறதா என்பதுதான். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சொந்த நாட்டின் சுற்றுலா ஹோட்டல்களில் கியூபர்கள் அறை எடுக்க 2008 மார்ச் வரை அனுமதி இல்லை. எந்தப் புரட்சியின் பெயரில் அது நியாயம்?

சரி, வேறு எங்கே தங்குவது? பதில் 1997-லிருந்து சட்டப்படி இருக்கிறது. காசா பர்ட்டிகுலர், அதாவது தனியார் வீடு. உரிமம் வாங்கிய குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையையோ இரண்டு அறையையோ வாடகைக்கு விடும். கதவில் நங்கூரம் போன்ற நீலக் குறி ஒட்டியிருக்கும். அரசுக்கு வரியும் கட்டுகிறார்கள். கியூபாவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடு சொந்தம் என்பதால்தான் இது சாத்தியமானது. ஹோட்டல் கட்ட முடியாதவருக்கும் பாட்டி விட்டுப் போன அறை ஒன்று இருக்கும்.

நீங்கள் கொடுக்கும் வாடகை அன்று மாலையே நடக்க ஆரம்பிக்கும். காலை உணவுக்குக் கொய்யா, பப்பாளி விற்பவருக்கு (பப்பாளிக்கு அங்கே 'புருத்தா போம்பா' என்று பெயர், பப்பாளி என்று கேட்டுவிட்டுச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள்!), துணி துவைக்கும் அக்காவுக்கு, பழைய செவர்லே ஓட்டும் எதிர்வீட்டுக்காரருக்கு, ஒழுகும் கூரைக்கு. லேயால் ஒரு அலுவலகத்தை வைத்துச் செய்ததை ஒரு வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து செய்கிறார்.

இதற்கும் நேர்மையான மறுப்புகள் உண்டு. முதலாவது, மின்சாரம். 2024 அக்டோபரிலும் நாடு முழுவதும் இருண்டது. வீட்டில் ஜெனரேட்டர் இருக்காது, உண்மைதான். மருத்துவமனை இருக்கும் மின்தடத்தில் உள்ள வீடுகளில் பொதுவாக வெட்டு குறைவு. பேட்டரி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. முன்பதிவு செய்யும் முன் கேளுங்கள், கையோடு ஒரு டார்ச் கொண்டு போங்கள். அதையும் மீறி வேர்த்தால், வேர்க்கட்டும்! ஒரு ஊரைப் பார்க்கப் போய் அந்த ஊரின் இரவு மட்டும் நமக்கு வேண்டாம் என்றால் எப்படி?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நல்ல இடத்தில் நல்ல வீடு, அதைப் பழுதுபார்க்க வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம், இதெல்லாம் எல்லாருக்கும் இல்லை. மியாமிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதனால் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தப் பணமும் குறைவு. 2011-இல் வீடு வாங்க விற்க அனுமதி வந்தது. 2015-இல் ஏர்பிஎன்பி வந்தது. ஆள் குடியிருக்காமல், முழு வீட்டையும் பயணிகளுக்கென்றே மாற்றிவிட்ட இடங்களும் பெருகின. அப்படிப்பட்ட வீட்டில் தங்கினால் நீங்களும் ஒரு குடும்பத்தைத் தெருவிலிருந்து வெளியே தள்ளும் வேலையில் பங்காளிதான். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் 'வீடு' என்று மட்டும் சொல்லாமல் 'ஆள் குடியிருக்கும் வீடு' என்று சொல்கிறேன்.

ஆக, அண்ணனுக்கு அன்று எழுதியதை உங்களுக்குச் சுருக்கமாகத் தருகிறேன். பழைய ஹவானாவில் பளபளக்கும் நான்கு சதுக்கங்களைச் சுற்றியே தேடாதீர்கள். அங்கே கூட்டமும் விலையும் அதிகம். பிராதோ சாலையைத் தாண்டி மேற்கே வந்தால் சென்ட்ரோ ஹவானா. சுவர் உதிர்ந்திருக்கும், குழந்தைகள் தெருவில் பந்தடிப்பார்கள், இரவில் பாட்டுச் சத்தம் இருக்கும். பயணியின் பணம் மிகவும் தேவைப்படும் பகுதி அதுதான், பழைய நகரமோ நடை தூரம். அமைதி வேண்டும், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் வெடாடோ. மரங்கள், அகலமான நடைபாதை, எண்ணும் எழுத்தும் மட்டுமே பெயராகக் கொண்ட தெருக்கள், வழி தவறாது. எங்கே என்றாலும் முன்பதிவுக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் இந்த வீட்டிலேயே இருக்கிறீர்களா?" ஆமாம் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள்.

நான் ஹவானாவுக்குப் போனதில்லை. மாணவன், விமான டிக்கெட்டுக்கே வழியில்லை. 'போகாதவன் சொல்ல வந்துட்டான்' என்று அண்ணனும் சிரித்தார். அண்ணா, நீங்கள் போனீர்கள், ஐந்து நாள் இருந்தீர்கள். அந்த ஐந்து நாளில் ஊர்க்காரர் யாருடைய பெயராவது தெரிந்துகொண்டீர்களா என்று அன்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாரில் ஒருத்தர் இருந்தார், சட்டையில பேர் குத்தியிருந்தார்டா, மறந்துட்டேன்" என்றீர்கள்.

அடுத்த முறை கீழே தங்குங்கள் அண்ணா.