நாலு எழுத்து, எட்டு வேஷம்!

இங்கிலீஷ்ல ஓ, யு, ஜி, ஹெச்னு நாலு எழுத்து வரிசையா நிக்கிறதைப் பார்த்தாலே உஷாராயிடுங்க மக்களே! 2005-ல 'அந்நியன்' விக்ரமுக்கு மூணு வேஷம்தான். 2008-ல 'தசாவதாரம்' கமலுக்குப் பத்து. இந்த நாலு எழுத்துக் கூட்டணி விக்ரமை ஓவர்டேக் பண்ணி, கமலை நெருங்கிட்டு இருக்கு.

நம்பிக்கை இல்லையா? கஷ்டம்னு அர்த்தம் தர்ற 'டஃப்', கரடுமுரடான 'ரஃப்', போதும்ங்கிற 'இனஃப்'... இந்த மூணுலயும் அது 'அஃப்'. இருமலுக்கான 'காஃப்'ல 'ஆஃப்'. 'இருந்தாலும்...'னு இழுக்கிற 'தோ'வுலயும், பிசைஞ்ச மாவுக்கான 'டோ'வுலயும் 'ஓ'. வழியாங்கிற 'த்ரூ'வுல 'ஊ'. மரக்கிளைக்கு 'பவ்', கலப்பைக்கு 'ப்ளவ்', ரெண்டுலயும் 'அவ்'. வாங்கியாச்சுன்னு சொல்ற 'பாட்'ல 'ஆ'. முழுமையானங்கிற 'தர'வுல வாய்க்குள்ளயே அமுங்கிப்போற ஒரு குட்டி 'அ'. கடைசியா, விக்கலுக்கான 'ஹிக்கப்'ல 'அப்'. எண்ணிக்கோங்க, எட்டு!

இந்த விக்கல் கேஸ் செம காமெடி. விக்குற சத்தத்தை வெச்சே உருவான வார்த்தை அது. இருமலுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம்னு நினைச்சு, 'காஃப்' ஸ்பெல்லிங்கை வால் மாதிரி ஒட்டிவிட்டாங்க. இப்பவும் டிக்‌ஷனரியில ரெண்டு ஸ்பெல்லிங்கும் இருக்கு. உச்சரிப்பு மட்டும் ஒண்ணுதான்.

எங்க கிளாஸ்ல ஒருத்தன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குல புலி. போன வருஷம் செமினார்ல அலைகளைப் பத்திப் பேசினான். அலையோட மேடு 'கிரெஸ்ட்'. பள்ளத்துக்குப் பேரு 'ட்ராஃப்'. மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிக்கும் அதே வார்த்தைதான். அவன் 'ட்ரவ்'னு சொல்லிட்டான். கிளாஸே சிரிச்சுது. அன்னியிலேர்ந்து பய செமினார் பக்கமே வர்றதில்ல. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குது, குரூப் டிஸ்கஷன் பிராக்டீஸுக்குக் கூப்பிட்டா 'நீங்க பேசுங்கடா, நான் கேக்குறேன்'ங்கிறான். இத்தனைக்கும் சிரிச்ச பெஞ்சுல பாதிப்பேர் அதை 'ட்ரோ'ன்னு சொல்ற பார்ட்டிங்க! கலப்பை 'ப்ளவ்'னா, தொட்டி ஏன் 'ட்ரவ்' ஆகக் கூடாது? லாஜிக்படி பார்த்தா அவன் பக்கம்தான் நியாயம்.

அப்போ குத்தம் யார் மேல? கொஞ்சம் பின்னாடி போவோம். பழைய இங்கிலீஷ்ல அந்த 'ஜி-ஹெச்' இருக்கிற இடத்துல நிஜமாவே ஒரு சத்தம் இருந்துச்சு. தொண்டையிலேர்ந்து காறிக்கிட்டு வர்ற 'ஹ்'. இன்னைக்கும் ஜெர்மன்காரங்க ராத்திரியை 'நாஹ்ட்'னும், சிரிக்கிறதை 'லாஹன்'னும் சொல்றாங்களே, அதே சத்தம்தான். 1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு, பிரெஞ்சுப் பழக்கத்துல எழுதின எழுத்தர்கள் அந்தச் சத்தத்தை 'ஜி-ஹெச்'னு எழுத ஆரம்பிச்சாங்க. 1476-ல காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வெச்சார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுடுச்சு. ஆனா ஜனங்க நாக்கு சும்மா இருக்குமா? சில வார்த்தைகள்ல அந்த 'ஹ்' காணாமலே போச்சு, சிலதுல 'ஃப்' ஆச்சு. உயிரெழுத்துச் சத்தமும் ஊருக்கு ஊர் இடம் மாறுச்சு. ஆக, நாம வாசிக்கிறது பழைய சத்தத்தோட போட்டோ. பேசுறது வேற ஆளு!

நம்ம 'க'வுக்கும் 'கல்', 'தங்கம்', 'மகன்'னு மூணு சத்தம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது எங்க வருதோ அதை வெச்சே சத்தத்தைச் சொல்லிடலாம். இந்த நாலு எழுத்துல அந்தப் பருப்பு வேகாது. இங்கிலாந்துல 'ஸ்லவ்'னு ஒரு ஊர், பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்' சீரியல் நடக்கிற இடம். சேத்துக் குழிக்கும் அதே ஸ்பெல்லிங், அதே சத்தம். பாம்பு சட்டை உரிக்கிறதுக்கும் அதே ஸ்பெல்லிங்தான், ஆனா அங்க 'ஸ்லஃப்'!

அர்த்தங்களைத் தோண்டினா இன்னும் சுவாரஸ்யம். 'த்ரூ'வும் 'தர'வும் ஒரு காலத்துல ஒரே வார்த்தை. ஒரு விஷயத்துக்குள்ள இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்தா, அது முழுமைதானே? மரக்கிளை 'பவ்'வுக்கு முன்னாடி தோள், கைன்னும் அர்த்தம் இருந்துச்சு. மெட்டலர்ஜி பேப்பர்ல வர்ற 'ராட் அயர்ன்' இருக்கே, அந்த 'ராட்' வேலைங்கிற 'வொர்க்'கோட பழைய இறந்தகாலம். அடிச்சு வேலை பார்த்த இரும்பு, அவ்ளோதான். மாவு 'டோ'வுக்கு ஒரு வி.ஐ.பி. சொந்தக்காரர் உண்டு: 'லேடி'! பழைய இங்கிலீஷ்ல அதுக்கு ரொட்டி மாவு பிசையறவங்கன்னு அர்த்தம். (கேர்ள்ஸ், முறைக்காதீங்க. 'லார்ட்'டும் ரொட்டிக்குக் காவல்காரர்தான்!)

மனப்பாடத்துக்கு ஒரு ஷார்ட்கட். இந்த நாலு எழுத்துக்கு அப்புறம் 'டி' வந்து வார்த்தை முடிஞ்சா, கண்ணை மூடிக்கிட்டு 'ஆட்' போடுங்க. 'பாட்', 'தாட்', சண்டை போட்ட 'ஃபாட்', தேடின 'ஸாட்'... எல்லாம் மாட்டும். தப்பிக்கிற ஒரே பெரிய மீன் வறட்சிக்கான 'டிரவுட்'. 'டி' இல்லாம 'ஃப்' வர்றதுல அடிக்கடி கண்ணுல படுறது அஞ்சே அஞ்சு: டஃப், ரஃப், இனஃப், காஃப், ட்ராஃப். இந்த அஞ்சையும் ஹாஸ்டல் கதவுல எழுதி ஒட்டிடுங்க.

வெள்ளைக்காரங்களுக்கே இது தாங்கல. 1906-ல அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு வார்த்தைகளுக்கு ஈஸி ஸ்பெல்லிங் போடச் சொல்லி அரசு அச்சகத்துக்கு உத்தரவே போட்டார். 'த்ரூ'வுக்கு நாலே எழுத்து, 'தோ'வுக்கு மூணே எழுத்து. நாடாளுமன்றம் கொதிச்சு, பத்திரிகைகள் கிண்டலடிச்சு, அதே வருஷம் மனுஷன் பின்வாங்கிட்டார். 'சிகாகோ ட்ரிப்யூன்' பேப்பர் 1934-லேர்ந்து சுருக்க ஸ்பெல்லிங்கை விடாப்பிடியா அச்சடிச்சுது. 1975-ல இந்த ரெண்டு வார்த்தைகளையும் அதுவும் கைவிட்டுடுச்சு. ஆனா கலப்பைக்கும் டோனட்டுக்கும் சின்ன ஸ்பெல்லிங் அமெரிக்காவுல நிலைச்சுடுச்சு. ரூஸ்வெல்ட்டோட 'த்ரூ'வும் முழுசா சாகல. காரை விட்டு இறங்காமலே பர்கர் வாங்குற 'டிரைவ்-த்ரூ' போர்டுல நாலே எழுத்துல ஜம்முனு நிக்குது!