காலை ஆறு மணி வகுப்பு

“நாலு இடம் போய்ப் பாருங்கள். எது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதோ அதில் சேர்ந்துவிடுங்கள்” என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் அநேகம் பேர். டாக்டர் சொன்னார், மாப்பிள்ளை சொன்னார், கடற்கரையில் கைவீசி நடக்கும் சிநேகிதர்கள் சொன்னார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! புடவைக் கடையில் நாலு புடவையை விரித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வது போலத்தான் இதுவும் என்று நானும் நம்பினேன். ஏழு மாதம் சுற்றிவிட்டு வந்து சொல்கிறேன்: இந்தக் கடையில் விரித்துப் பார்க்கப்படுவது புடவை அல்ல, நாம்தான்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. சர்க்கரை வியாதி பன்னிரண்டு வருஷமாக உண்டு. உட்கார்ந்து எழுதியே வயிற்றை வளர்த்தவன். இந்த வாக்கியத்தை நீங்கள் இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது தேகப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட யோசனையும் அதுதான். ஆனால் அதே யோசனையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அறுபத்தைந்து தாண்டியவர்கள், விழாமல் இருப்பதற்காக, கால்களுக்குப் பலமும் நிலைதவறாமல் நிற்கும் பழக்கமும் தருகிற பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது அது. இந்த இரண்டாவது வரியை டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. நான் ஏறி இறங்கிய வகுப்புகளில் ஒருவரும் சொல்லவில்லை. பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் என் வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் போனது நடன வகுப்பு. ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில், நாலு சுவரிலும் கண்ணாடி பதித்த கூடம். ஜும்பா என்ற இந்த வித்தையின் பிறப்பைப் பற்றி ஒரு ரசமான கதை உண்டு. கொலம்பியா தேசத்து நடன ஆசிரியர் ஆல்பெர்ட்டோ பெரெஸ் ஒரு நாள் வகுப்புக்கு வழக்கமான இசைநாடாவை எடுத்துவர மறந்துவிட்டார். கைவசம் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். வந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. எதிரே நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து, இருப்பதைக் கொண்டு செய்த காரியம் அது. ஆனால் எங்கள் மாடியில் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஆசிரியை கண்ணாடியைப் பார்த்து ஆடினாள். நாங்கள் அவள் முதுகைப் பார்த்து ஆடினோம். “அங்கிள், கமான், ஸ்மைல்!” என்று நடுநடுவே ஒரு கூவல் மட்டும் எனக்கென்று வரும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது, வைத்துப் பார்த்தேன். 97 டெசிபல் காட்டியது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 97-க்கு அரை மணிதான். வகுப்போ ஐம்பது நிமிஷம். இரும்புப் பட்டறைத் தொழிலாளிக்குக் கூடாத சத்தம், காசு கொடுத்து வருகிற எனக்கு மட்டும் எப்படிக் கூடும்? கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். “எனர்ஜி வராது சார்” என்றாள் அந்தப் பெண். அவள் பேரில் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு எடுக்கிறாள். முதலில் போகப்போவது அவள் காதுதான்.

அடுத்தது, குதிப்பதும் எடை தூக்குவதுமான வகுப்பு. சுவரில் சிவப்பு எழுத்துக் கடிகாரம் விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். அங்கே பர்ப்பி என்று ஒன்று உண்டு. குந்தி, கையை ஊன்றி, காலைப் பின்னால் வீசி, மறுபடி இழுத்து எழ வேண்டும். ராயல் பர்ப்பி என்ற அமெரிக்கர் 1930-களில் இதை வகுத்தார். எதற்காகத் தெரியுமா? ஒருவனுடைய தேக நிலையை அளந்து பார்ப்பதற்காக. நாலே நாலு தடவை செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். எங்கள் வகுப்பில் ஐம்பது! தெர்மாமீட்டர் நல்லது என்பதற்காக ஒரு டஜன் தெர்மாமீட்டரை விழுங்கச் சொன்ன மாதிரி இல்லையா இது? பதினொன்றாவது தடவையில் என் வலது முழங்கால் ‘டப்’ என்று ஒரு வார்த்தை சொல்லிற்று. மூன்று வாரம் மாடிப்படி ஏறவில்லை. சேரும்போது என்னிடம் பெயர், விலாசம், கைப்பேசி எண், பிறந்த நாள் எல்லாம் கேட்டார்கள். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிறந்த நாளுக்கு மட்டும் தவறாமல் வாழ்த்து வந்தது.

யோகாசன வகுப்பிலாவது நிதானம் இருக்கும் என்று போனேன். நாற்பது பாய்கள். எல்லாருக்கும் ஒரே ஆசனம், ஒரே எண்ணிக்கை. என் பக்கத்துப் பாய்க்காரர் கண்ணில் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறவர். கிளாக்கோமா உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைச் செய்யக் கூடாது என்பது கண் டாக்டர்கள் எல்லாரும் சொல்வது. அவரும் மற்றவர்களோடு சர்வாங்காசனம் போட்டுக் காலை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்தவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஏற்பாடும் இல்லை.

இந்த ஊருக்கு இது அவமானம் என்று நான் சொல்வேன். நவீன யோகாசனப் பரம்பரைக்கே தகப்பன் என்று உலகம் சொல்லும் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் தம் நீண்ட ஆயுளின் பிற்பகுதியைக் கழித்தது இந்தச் சென்னையில்தான். மைசூர் அரண்மனைச் சாலையில் இளம் பையன்களுக்கு அவர் வேகமான ஆசனத் தொடர்களைக் கற்பித்தார். சென்னைக்கு வந்த பிறகு, குடும்பஸ்தர்களையும் நோயாளிகளையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயசுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி சொல்லிக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரமும் அந்த வழியில் நின்றது. ஆளுக்கேற்ற பயிற்சி என்பது நம் தெருவிலேயே விளைந்த சரக்கு. அதை விட்டுவிட்டு, இருபது வயசுப் பையனுக்கான தொடரை நாற்பது பாயில் கிடக்கும் நாற்பது விதமான உடம்புகளுக்கு ஒலிபெருக்கியில் ஓதுகிறோம்.

சிரிப்புச் சங்கத்துக்கும் போனேன். மும்பையில் 1995-ல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்து பேரோடு ஒரு பூங்காவில் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் கையிருப்பு நகைச்சுவைத் துணுக்குகள் தீர்ந்துபோகவே, காரணமில்லாமல் சிரிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்களாம். இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் போன இடங்களில், ஒரு நாள் வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்ட இடம் இது ஒன்றுதான். ஆனால் சிரிப்பினால் தொடைக்குப் பலம் வருவதில்லை.

கூட்டமாகச் செய்தால்தான் உற்சாகம் வரும், தனியாகச் செய்தால் இரண்டே நாளில் விட்டுவிடுவோம் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். கூட்டத்தின் பேரில் எனக்கு விரோதமில்லை. கூட்டத்தைக் காட்டி வாங்கும் வருஷச் சந்தாவின் பேரில்தான் விரோதம். முதல் நாள் இலவசம். இரண்டாம் நாள் முதல் தொலைபேசி அழைப்பு. “இந்த வாரம் சேர்ந்தால் சலுகை சார்.” 18,000 ரூபாய் கட்டினேன். போனது பதினைந்து நாள். ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கை மனைவியிடம் சொல்லவில்லை. பொருளாதார நிபுணர்களான டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டுகிறவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் உடற்பயிற்சி நிலையத்துக்கு வந்தார்களாம். தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்தே டாலர்! நம் சோம்பலை நாமே அறியாமல் இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். சந்தா கட்டினவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டால் கூடத்தில் நிற்க இடம் இருக்காது.

இதுவரை சொன்னது என் வழக்கு. உண்மையான வழக்கு வேறு.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவளுக்கு வயது அறுபத்தைந்து. கட்டுப் பிரித்த அன்று எலும்பு டாக்டர், “கையை விடுங்கள் அம்மா, காலைப் பலப்படுத்துங்கள். அடுத்த தடவை விழுந்தால் இடுப்பு” என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் பெரிய அநுபவஸ்தனைப் போல, “நாலு இடம் போய்ப் பாரேன். எது உனக்கு ஒத்துவருகிறதோ அதில் சேர்ந்துவிடு” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. “எல்லாம் காலையில் ஆறு மணிக்குத்தானேங்க? ஆறு மணிக்கு யார் அடுப்பைப் பற்றவைப்பது?” என்று கேட்டாள்.

நான் ஆறு மணிக்குப் போய்க் குதித்துவிட்டு ஏழேகாலுக்குத் திரும்பும்போது டிக்காக்ஷன் இறங்கியிருக்கும். பேரனின் சாப்பாட்டு டப்பா மூடியிருக்கும். ஏழு நாற்பதுக்குப் பள்ளிக்கூட வண்டி. இவற்றையெல்லாம் யார் செய்தது என்று ஏழு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்கால வகுப்பு உண்டே என்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பேரனுக்குப் பாடம், விளக்கேற்றுவது, இராத்திரிச் சமையல் எல்லாம். நான் பார்த்த வகுப்புகளில் வந்த பெண்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன்: கல்யாணமாகாத பெண்கள், இல்லையென்றால் வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருப்பவர்கள். மற்றவர்களைக் கண்டதில்லை. காணவில்லை என்பதையும் கவனித்ததில்லை. பெண்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறை கிடையாது என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்த அழகுதான் இது!

என் சந்தா இன்னும் மிச்சம் இருக்கிற கூடத்துக்குப் போய், பதினொரு மணிக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொன்னேன். “டிமாண்ட் இல்லை சார்” என்றார் முதலாளி. காலை பத்திலிருந்து நாலு மணிவரை அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வர ஆளில்லை என்கிறார்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்திலேயே, இரண்டாம் பிளாக்கில், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்ட பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் மனைவி லிப்டில் அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் ஆரம்பம். காலை பத்து மணிக்கு மேல் கீழ்த்தளத்தில் கார்கள் போய்விடும். நிழலான இடம், காற்று வரும். அங்கே பதினொரு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் கையுமாகப் பதினொரு பெண்கள் கூடுகிறார்கள். முதல் நாளைக்கு முன்பே ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய் அந்தப் பெண் விசாரித்திருக்கிறாள்: சர்க்கரை உண்டா, முழங்கால் எப்படி, ஆப்பரேஷன் ஆனதா, இராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. நாற்காலி முதுகைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. குதிகாலை விரலோடு ஒட்டவைத்துக் கோட்டில் நடப்பது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வித்தைகள்! முழங்கால் முடியாதவளுக்கு வேறு பயிற்சி. வந்த நாளுக்கு ஐம்பது ரூபாய். வராத நாளுக்கு ஒன்றுமில்லை. வராதவளுக்கு இன்டர்காமில் அழைப்பு மட்டும் போகிறது. ஆரம்பத்தில் கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியாத என் மனைவி இப்போது தொடர்ந்து பன்னிரண்டு தடவை எழுகிறாள். சாயங்காலத்தில் எனக்கு அவள்தான் வாத்தியார். பேரனின் டப்பாவை வாரத்தில் மூன்று நாள் நான் கட்டுகிறேன். உப்பு சரியாக இருப்பதில்லை என்று அவனிடமிருந்து புகார்.

இதற்கும் ஆட்சேபம் வந்திருக்கிறது! ‘பொது இடத்தைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகிக்கிறார்கள்’ என்று சங்கத்துக்கு மனு. மனுப் போட்டவர் பதினான்காம் எண் இடத்துக்காரர்; பென்ஷன் வாங்குகிறவர், அவர் கார் பத்து மணிக்கு எங்கும் போவதில்லை. காலை ஆறு மணிக்கு அதே கீழ்த்தளத்தில் ஷட்டில்காக் ஆடுகிறவரும் அவரே. அது பொதுக் காரியம் போலிருக்கிறது. அவருடைய சம்சாரம் பதினொரு மணி வகுப்பில் முதல் வரிசை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். காலை ஏழு மணிக்கு என்று அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெண்கள் யாரும் வர முடியாது, பதினொரு மணிக்கு மாற்றுங்கள் என்று காரியதரிசிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.