நவம்பர் 2-க்கு ஊருக்குப் போறீங்களா? டேப் எடுத்துட்டுப் போங்க

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அரசு விடுமுறை கிடையாது. செமஸ்டர் வேற நெருங்குது. அதனால நம்மில் பல பேர் ஹாஸ்டலிலேயே தங்கிடுவோம். "எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்திடும்மா"ன்னு போன்ல சொல்லிட்டு, தாத்தா போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சா கடமை முடிஞ்சதுன்னு நினைப்பு. முடியலைங்க. இந்த வருஷம் நேர்ல போங்க. போட்டோவுக்காக இல்லை, கணக்கெடுக்க.

எங்க ஊர் தூத்துக்குடி பக்கம். ஒரு வாரம் முன்னாடியே கல்லறைத் தோட்டத்துல புல் வெட்டி, சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அன்னிக்கு சாயங்காலம் செவ்வந்தி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தின்னு இடமே மாறிடும். ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளிச்சுட்டே வருவார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆனா பெயர் பொறிச்ச கல்லறை எத்தனை பேருக்கு இருக்கு? வசதி இருந்தவங்களுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும். நாலு ஐப்பசி மழை அடிச்சா மேடு கரைஞ்சிடும், சிலுவையைக் கரையான் பார்த்துக்கும். பங்குப் பதிவேட்டைப் புரட்டினா பெயரும் தேதியும் கிடைக்கலாம். எந்த மேடுன்னு அது சொல்லாது. அதைச் சொல்ல வீட்டுல ஒரே ஆள்தான் இருப்பாங்க. எங்க ஆச்சி வேப்பமரத்துல இருந்து எட்டு வெச்சு எண்ணித்தான் தன் மாமியார் கல்லறைக்குப் போய் நிப்பாங்க. அந்த மரத்தை வெட்டிட்டா? ஆச்சியே இல்லாமப் போனா?

"லொக்கேஷன் பின் போட்டுக்கலாமே"ன்னு ஐ.டி. பசங்க கேப்பீங்க. திறந்த வெளியிலேயே போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். அந்த 5 மீட்டருக்குள்ள எத்தனை பேர் படுத்திருக்காங்கன்னு யோசிங்க. சிவில் பசங்களுக்கு வழி தெரியும்: அசையாத ரெண்டு புள்ளி எடுங்க, மதில் மூலையும் வாசல் தூணும் மாதிரி. ரெண்டுல இருந்தும் டேப் பிடிச்சு அளங்க. எந்தப் பக்கம்னு ஒரு படம் வரைஞ்சுக்கோங்க. சர்வே லேப்ல படிச்சது இதுக்காவது உதவட்டும்.

இது கிறிஸ்தவங்க விஷயம்னு தாண்டிப் போகாதீங்க. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துலயோ ராமேஸ்வரத்துலயோ தர்ப்பணத்துக்கு உட்காருங்க; அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் மூணு தலைமுறைப் பெயர் கேப்பாங்க. மூணாவது பெயர் வரும்போது எத்தனை பேர் திருதிருன்னு முழிக்கிறாங்கன்னு பாருங்க.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006-ல் சில நடுகற்கள் கிடைச்சுது. அதுல ஒண்ணு மாட்டு மந்தைக்கான சண்டையில செத்துப்போன ஒருத்தருக்கு நட்டது. பெயர் தீயன் அந்தவன்னு தமிழி எழுத்துல இன்னும் இருக்கு. 2000 வருஷத்துக்கும் மேல ஆச்சு. யாரோ உட்கார்ந்து செதுக்கியிருக்காங்க. உங்க பூட்டி பெயர் என்ன? சட்டுன்னு வருதா?

சாயங்காலக் கூட்டத்துல இதெல்லாம் நடக்காது. காலையிலேயே ஆச்சியைக் கூட்டிட்டுப் போங்க, உட்கார ஒரு ஸ்டூலும் எடுத்துக்கோங்க. பெயரோட நிக்காதீங்க. என்ன வேலை பார்த்தாங்க, எதுல செத்தாங்க, யாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாங்க, எல்லாம் கேளுங்க. கடைசிக் கேள்விக்குத்தான் ஆச்சி உற்சாகமாப் பதில் சொல்லுவாங்க. வாய்ஸ் ரெக்கார்டர் ஓடட்டும். நோட்டை மட்டும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சுக்கோங்க, அன்னிக்கு மழை வர நிறைய வாய்ப்பிருக்கு.