லேசருக்கு முன் ரெட்டினோல்: ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னால் போதுமா?

“மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?” லேசர் முறையில் முடி அகற்றப் போகும் எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வி இது. என் தங்கையிடமும் கேட்டார்கள். “இல்லை” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தினமும் இரவில் படுக்கும் முன் முகத்தில் பூசிக்கொண்டிருந்த ரெட்டினோல் அவளைப் பொறுத்தவரை மருந்து அல்ல, இணையக் கடையில் வாங்கிய கிரீம். அவ்வளவுதான்.

திருமணத்துக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. மேலுதட்டிலும் தாடையிலும் லேசர் செய்துகொண்டாள். அன்றிரவும் வழக்கம்போல் கிரீமைப் பூசிக்கொண்டாள். மறுநாள் தோல் சிவந்தது. மூன்றாம் நாள் மெல்லிய பொருக்குத் தட்டியது. இரண்டாம் வாரம் உதட்டுக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கறை படிந்தது. மீசை முடியை எடுக்கப் போய், மீசை போலவே ஒரு கறை! நலங்கு அன்று அத்தைமார் மஞ்சளோடு வந்தபோது, கன்னத்தில் மட்டும் தொட்டுவிட்டுப் போகும்படி அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது. கறை முழுதாக மங்க ஏழு மாதம் ஆனது.

ரெட்டினோல் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். லேசரின் சக்தி அளவு அவளுடைய நிறத்துக்குக் கூடுதலாக இருந்திருக்கலாம். இடையில் இரண்டு நாள் அழைப்பிதழ் கொடுக்க வெயிலில் அலைந்தாள், அதுவும் சேர்ந்திருக்கலாம். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய காரணம் ஒன்று இருந்தது. அதைத் தவிர்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது.

சில இடங்களில் இதைப்பற்றிச் சொல்லத்தான் செய்கிறார்கள். “ரெட்டினோல் பூசினால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்” என்பார்கள். ஏன் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத விதியை மனிதர்கள் எப்படிப் பின்பற்றுவார்கள் என்பது வகுப்பறையில் நிற்கும் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் காலில் லேசர் செய்வதற்காக முகத்துக்குப் பூசும் ரெட்டினோலை ஒரு மாதம் நிறுத்திவைத்தார், தேவையே இல்லாமல். இன்னொருவர் சொன்னபடி ஒரு வாரம் நிறுத்திவிட்டு, லேசர் முடிந்த அன்றிரவே மறுபடியும் பூசினார். “முன்னால் நிறுத்து என்றுதானே சொன்னார்கள்?” என்று என்னிடம் கேட்டார். தங்கையின் கதையைக் கேட்ட என் அம்மாவோ, ரெட்டினோல் என்பது வைட்டமின் ஏ என்று அறிந்ததும், முருங்கைக்கீரையையும் நிறுத்த வேண்டுமா என்று கவலைப்பட்டார். வேண்டாம். சாப்பிடும் கீரைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

லேசர் முடியைத் தேடிப் போவதில்லை. அது தேடுவது நிறத்தை. 1983-ஆம் ஆண்டு ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சரியான அலைநீளமும் சரியான கால அளவும் கொண்ட ஒளித் துடிப்பைச் செலுத்தினால், அந்த ஒளியை ஈர்க்கும் பொருள் மட்டும் சூடாகும், சுற்றியுள்ள திசு தப்பிக்கும் என்பது அது. முடி அகற்றும் லேசரில் அந்தப் பொருள் மெலனின். முடியில் உள்ள மெலனின் ஒளியை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை முடி வளரும் வேர்ப்பைக்குக் கடத்துகிறது. நரைத்த முடிக்கு லேசர் பலிக்காததும் இதனால்தான். மெழுகு போட்டும் நூல் கட்டியும் முடியை வேரோடு பிடுங்கிவிட்டு லேசருக்குப் போனால் பணம் வீணாவதும் இதனால்தான். இலக்கையே அகற்றிவிட்டு அம்பை விட்டால் என்ன பயன்? மழிக்கலாம். மழித்தால் முடி தடித்து வளரும் என்பது நம் வீடுகளில் இன்னும் சாகாமல் இருக்கும் ஒரு நம்பிக்கை. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதை வெட்டிய செய்தி வேருக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

சிக்கல் என்னவென்றால் மெலனின் நம் மேல்தோலிலும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு நிறையவே இருக்கிறது. ஒளி முடியின் வேரை எட்டுவதற்கு முன் இந்த மெலனினைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது கொஞ்சம் வரி கட்டுகிறது. அந்த வரிதான் மேல்தோலில் ஏறும் சூடு. அலைநீளம் கூடக்கூட மெலனின் ஈர்க்கும் அளவு குறையும். 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் கருத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்வதன் அடிப்படை இது. எந்தக் கருவி, என்ன அலைநீளம் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி ரெட்டினோல். தோலுக்குள் போனதும் அது முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினோயிக் அமிலமாகவும் மாறுகிறது. வேலை செய்வது இந்தக் கடைசி வடிவம். அது உயிரணுவின் கருவுக்குள் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டி, மேல்தோல் உயிரணுக்கள் பிறந்து, முதிர்ந்து, உதிரும் வேகத்தை மாற்றுகிறது. நாள்பட அது தோலுக்கு நன்மை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரெட்டினோயிக் அமிலமேயான டிரெட்டினாயின் 1971-இலிருந்து அமெரிக்காவில் முகப்பரு மருந்தாக இருக்கிறது. ஆனால் தொடக்க வாரங்களில் தோலின் மேற்புறக் காப்பு அடுக்கு தளர்கிறது, ஈரம் வெளியேறுகிறது, தோல் சிவந்து, வறண்டு, உரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அழற்சி இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘ரெட்டினோல் லேசர் ஒளியை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் சுடுகிறது’ என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அது சரியல்ல. ரெட்டினோல் வலுவாக ஈர்ப்பது 325 நானோமீட்டர் அளவிலான புறஊதாக் கதிரை. முடி அகற்றும் லேசர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. உண்மைக் காரணம் இன்னும் எளியது: ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் தோலின் மேல் சூட்டை வைக்கிறோம். வாய்ப்புண்ணோடு கொதிக்கும் தே தாரிக் குடித்துப் பாருங்கள். தேநீர் என்றும் உள்ள சூட்டில்தான் இருக்கும், வாய்தான் வேறு.

அழற்சி இன்னொன்றும் செய்கிறது. மெலனின் தயாரிக்கும் உயிரணுக்களை அது உசுப்பிவிடும். வெளுத்த தோலில் ஒரு வாரச் சிவப்போடு முடிவது, நம் தோலில் மாதக்கணக்கான கறையாக நிற்கும். இதைப் பரு போன இடத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆக, நமக்கு இங்கே உண்மையான ஆபத்து பெரிய தீப்புண் அல்ல (அதுவும் நடக்கலாம்), இந்தக் கறைதான். ரெட்டினோல் ஒரு பக்கம், லேசர் ஒரு பக்கம், இவற்றோடு ஆண்டு முழுவதும் உச்சியில் நிற்கும் நம் நாட்டு வெயில். மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே சதுர அங்குலத் தோலில் சேரக்கூடாது.

காரணம் இதுவென்றால், விதிகளை நாமே எழுதிவிடலாம். லேசர் படும் இடத்தில் மட்டும் நிறுத்தினால் போதும். காலுக்கு லேசர் என்றால் முகக் கிரீமுக்கு விடுமுறை வேண்டாம். கடையில் வாங்கும் ரெட்டினோலுக்கு ஐந்து முதல் ஏழு நாள் என்பது பரவலாகச் சொல்லப்படும் இடைவெளி. நாள்கணக்கைவிடத் தோலைப் பார்ப்பது முக்கியம் என்பது என் கருத்து. ஏழாம் நாளும் தோல் உரிந்துகொண்டிருந்தால், அது தயாராகவில்லை, லேசரைத் தள்ளிப்போடுங்கள். டிரெட்டினாயின், அடபலீன் போன்றவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவரிடமே கேளுங்கள், அநேகமாக இன்னும் கூடுதல் நாள் சொல்வார். கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், சொரசொரப்பான ஸ்கிரப் ஆகியவையும் அதே காரணத்தால் அதே பட்டியலில் வரும். லேசருக்குப் பிறகு சிவப்பும் எரிச்சலும் முற்றிலும் அடங்கும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், மணமில்லாத சாதாரண ஈரப்பசைக் கிரீமும் பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்காப்பும் மட்டும் போதும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ரெட்டினோலைத் தொடங்கலாம்.

முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் கட்டத்தில் இருப்பவை மட்டுமே லேசருக்குச் சிக்கும். அதனால் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை எனப் பல தடவை போக வேண்டியிருக்கும். ஆறு வாரத்தில் முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு வாரம் கழித்தால் நான்கு வாரம் மிஞ்சும். ரெட்டினோலுக்குப் பழகிய தோலுக்கு இது ஒத்துவரும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒத்துவராது, ஏனென்றால் எரிச்சல் உச்சத்தில் இருப்பது அந்த முதல் சில வாரங்களில்தான். லேசர் தவணைகள் முடியட்டும், பிறகு ரெட்டினோலைத் தொடங்குங்கள் என்றே நான் சொல்வேன். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் ரெட்டினோல் வகை எதையும் பூசாமல் இருப்பதே வழக்கமான மருத்துவ அறிவுரை.

முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தனிக் கதை. அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகாமல் லேசர் கூடாது என்பது நெடுங்கால விதி. 2017-இல் அமெரிக்கத் தோல் மருத்துவ வல்லுநர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, முடி அகற்றும் லேசரை அப்படித் தள்ளிப்போடப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

இவ்வளவும் புட்டியில் எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில் சொல்வது. எனக்குப் பெரும் கவலை தருபவை புட்டியில் எழுதாத பொருள்கள். நம் நாட்டில் டிரெட்டினாயின் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. அது ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு, சில வேளைகளில் பாதரசம் ஆகியவற்றோடு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, அழகுப் பொருள்களின் அறிவிப்பை ரத்து செய்யும் செய்திகளை என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. ‘ஒரே வாரத்தில் பளபளப்பு’ என்று பசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்கும் இரவுக் கிரீமைப் பூசுபவர், தாம் டிரெட்டினாயின் பூசுவதையே அறியாமல் லேசர் படுக்கையில் படுக்கிறார். அழகுப் பொருளில் என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும், அதை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இருப்பது முழு உத்தரவாதம் ஆகாது, எண் இல்லாததை வாங்கவே வேண்டாம்.

லேசரைக் கையாள்பவருக்கும் இதே அளவுகோல்தான். அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று இருக்க வேண்டும். முடி வெட்டும் கடையின் பின்னறையில் மலிவு விலையில் செய்பவரிடம் அது இருக்காது.

அந்தப் படிவத்தில் ஒரு வரி மாற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. “மருந்து எடுக்கிறீர்களா?” என்ற கேள்விக்குக் கீழே, “கடந்த ஒரு மாதத்தில் இந்த இடத்தில் என்னென்ன பூசினீர்கள்? புட்டியைக் காட்டுங்கள்” என்று அச்சிடலாம். செலவு ஏதுமில்லை. ‘ஆம்’ என்று வந்தால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அன்றைய வருமானம் போகும். கேட்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தங்கை இப்போது தன் கிரீம் புட்டிகளை முன்புறமும் பின்புறமும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். சென்ற மாதம் வேறோர் இடத்துக்கு, தோல் மருத்துவர் ஒருவரிடம், மறுபடியும் லேசருக்குப் போனாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், தாடையைத் தடவிப் பார்த்தார், பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். பதிவுக் கட்டணம்கூட வாங்கவில்லை.