வீடும் வெளியும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. வேலை நாடி நகருக்கு வருவோர் பெருகப் பெருக, வீடுகளும் பெருகியே ஆகவேண்டும். ஆதலின், வீடு கட்டுதலே தீது என்பார் கூற்றுப் பொருந்தாது. எங்கே கட்டுவது, எதனை விட்டுவைப்பது என்பனவே ஆராயத்தக்கன.

நம் முன்னோர் ஊரமைத்த முறையைக் காண்க. குடியிருக்க நத்தம், நீருக்கு ஏரி, கால்நடைக்கு மந்தைவெளி எனத் தனித்தனியே நிலம் வகுத்தனர்.

சென்னையோ வேறு வழியிற் சென்றது. 1920-களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்துத் தியாகராய நகரை அமைத்தனர். ஆயினும், அதன் நடுவே பனகல் பூங்காவுக்கேனும் இடம் விட்டனர். பின்னர் அவ்வெண்ணமும் குறைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறியது. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில், தங்க இடமின்றி வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சிய சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைப் பொதுவெளியாக விடவேண்டும் என்பது இன்றைய விதி. சற்றுச் சிறியவற்றில், நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் இடமுண்டு. பணம் மழைநீரை உறிஞ்சுமோ? சிறுவர் ஆட இடமாகுமோ?

வெளி விட்டால் மனைவிலை ஏறும். ஏழைக்கு வீடு எட்டாது என்பர் சிலர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், வெள்ளம் வருங்கால் தாழ்நிலத்து ஏழையே முதலில் வீடிழக்கிறான். வீட்டை மாடிமேல் மாடியாக உயர்த்தலாம். ஏரியை அவ்வாறு அடுக்க இயலாது. ஆகவே, நீரும் மரமும் நிற்கும் நிலத்தை முதலில் வரையறுத்து, எஞ்சியதில் வீடுகளை எழுப்புவதே நன்னெறியாகும்.